ஒரு வருஷப் பெரிய சம்பளமா, நாலு வருஷ உறுதியா? டால்டன் ஷூல்ட்ஸ் காண்ட்ராக்ட் சொல்லித் தரும் சம்பளப் பாடம்



இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க கம்பெனி உங்களைக் கூப்பிட்டு, "இந்த ஒரு வருஷம் மட்டும் உங்க சம்பளத்தைப் பல மடங்கு ஏத்தித் தர்றோம். ஆனா அடுத்த வருஷம் நீங்க இங்க இருப்பீங்களான்னு இப்ப சொல்ல முடியாது. அதுவரைக்கும் வேற கம்பெனிக்கும் போகக் கூடாது"ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? சந்தோஷப்படுவீங்களா, பயப்படுவீங்களா?

2022ல அமெரிக்காவுல ஒரு ஃபுட்பால் வீரருக்கு இதே நிலைமை வந்தது. பேரு டால்டன் ஷூல்ட்ஸ். டல்லாஸ் கவ்பாய்ஸ் டீம். அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம், அடுத்த காண்ட்ராக்ட் கொடுக்கணுமா வேண்டாமான்னு அந்த டீம் ரசிகர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சு வாதம் பண்ணாங்க. அந்த வாதத்துக்குள்ள போனா, நம்ம சம்பளம், நம்ம பேரம், நம்ம வீட்டுக் கடன் எல்லாத்துக்கும் பாடம் இருக்கு. அமெரிக்க ஃபுட்பால் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம், தேவையானதை மட்டும் சொல்றேன். 10 லட்சம் டாலர் ஒரு மில்லியன், ஒரு கோடி டாலர் 10 மில்லியன். இதை மட்டும் நினைவுல வெச்சுக்கோங்க.

யார் இந்த ஷூல்ட்ஸ்?

என்.எஃப்.எல்-ல கல்லூரி வீரர்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கிற முறைக்கு டிராஃப்ட்னு பேரு. 2018 டிராஃப்ட்ல நாலாவது சுற்றுல, 137வது ஆளா ஷூல்ட்ஸை கவ்பாய்ஸ் எடுத்தாங்க. அந்த இடத்துல வர்ற வீரருக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 30 லட்சம் டாலர். நமக்கு அது பெரிய தொகைதான். ஆனா அந்த உலகத்துல அது ஃப்ரெஷர் சம்பளம்.

முதல் ரெண்டு வருஷம் அவர் பிடிச்ச பாஸ் மொத்தமே 13. யாரும் அவரைப் பத்திப் பேசல. டீமோட எதிர்காலம்னு நினைச்சது பிளேக் ஜார்வின்னு இன்னொரு வீரரை. 2020 மார்ச்சில் ஜார்வினுக்கு நாலு வருஷத்துக்கு சுமார் 2.2 கோடி டாலர் காண்ட்ராக்ட் கொடுத்தாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல, சீசனோட முதல் மேட்ச்லயே ஜார்வினோட முழங்கால் தசைநார் கிழிஞ்சது. சீசன் முடிஞ்சது.

அடுத்து யாரு? பெஞ்ச்ல இருந்த ஷூல்ட்ஸ். அந்த வருஷம் 63 பாஸ் பிடிச்சு 615 கெஜம். அடுத்த வருஷம், 2021ல, 78 பாஸ், 808 கெஜம், 8 டச்டவுன். ரெண்டு வருஷம் முன்னாடி பேரே தெரியாத ஆள், இப்ப அந்த பொசிஷன்ல நல்ல வீரர்கள் பட்டியல்ல இருக்கார். 2022 மார்ச்ல அவரோட முதல் காண்ட்ராக்ட் முடியுது. இங்கதான் கதை ஆரம்பிக்குது.

ரெண்டு ஆள் வேலை, ரெண்டு பேரையும் விடக் குறைஞ்ச விலை

ஷூல்ட்ஸ் ஆடுற பொசிஷனுக்கு 'டைட் எண்ட்'னு பேரு. முன்வரிசையோட ஓரத்துல நிற்பார். சில நேரம் எதிரணி ஆட்களை உடம்பால தடுத்து நிறுத்தணும். அது முன்வரிசை ஆட்களோட வேலை, பிளாக்கிங். சில நேரம் ஓடிப் போய் பந்தைப் பிடிக்கணும். அது ரிசீவரோட வேலை. ஒரே ஆள் ரெண்டையும் பண்ணணும்.

அப்ப சம்பளம் ரெண்டு மடங்கு இருக்கணும் இல்லையா? 2022ல அந்த லீக் தன்னோட விதிப்படி ஒவ்வொரு பொசிஷனுக்கும் கணக்கு போட்ட ஒரு வருஷ டேக் தொகையைப் பாருங்க (டேக்னா என்னன்னு அடுத்து வரும்):

- வைட் ரிசீவர்: சுமார் 1.84 கோடி டாலர்
- முன்வரிசை தடுப்பு வீரர்: சுமார் 1.67 கோடி டாலர்
- டைட் எண்ட்: சுமார் 1.09 கோடி டாலர்

ரெண்டு பேரோட வேலையையும் பாதிப் பாதி பார்க்கிறவருக்கு, ரெண்டு பேரையும் விடக் குறைவு! ஆபீஸ்ல கோடும் எழுதி, க்ளையண்ட்டையும் சமாளிச்சு, புதுசா வந்தவங்களுக்கு டிரெயினிங்கும் கொடுக்கிற ஒருத்தர் இருப்பாங்க. அப்ரைசல் நேரத்துல "உங்க முக்கியமான வேலை எது?"ன்னு கேட்பாங்க. அவங்களால ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. டைட் எண்ட் நிலைமையும் அதுதான்.

பந்தைப் பிடிச்சா புள்ளிவிவரத்துல ஏறும். பிளாக் பண்ணா எந்தக் கணக்கிலயும் ஏறாது. பின்னாடி ஓடின இன்னொருத்தர் பேர்லதான் கெஜம் எழுதுவாங்க.

ரசிகர்களோட வாதம்: ரெண்டு பக்கமும் கேளுங்க

"கொடுங்க" கட்சி சொன்னது இது. முக்கியமான நேரத்துல, மூணாவது முயற்சியில, குவார்ட்டர்பேக் டாக் பிரஸ்காட் தேடுற ஆள் ஷூல்ட்ஸ்தான். 808 கெஜம் சும்மா வராது. வயசு 26 கூட ஆகல. இப்ப விட்டா அதே தரத்துல ஆள் கிடைக்காது. விலையும் ஏறிட்டேதான் போகும்.

"வேண்டாம்" கட்சி சொன்னது வேற. அவர் நல்லவர்தான், ஆனா அசாத்தியமானவர் இல்லை. பந்து கையில வந்தபிறகு பத்து பேரைத் தாண்டி ஓடுறவர் இல்லை. எதிரணி மத்த ரிசீவர்களைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது இவர் காலியா நிற்கிறார். பிளாக்கிங்கும் சுமார். 2021லயே பிரஸ்காட்டுக்கு நாலு வருஷத்துக்கு 16 கோடி டாலர் எழுதிக் கொடுத்தாச்சு. எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லை.

இதுல முக்கியமான விஷயம், கடைசி வரி. என்.எஃப்.எல்-ல ஒவ்வொரு டீமும் ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம்னு உச்சவரம்பு இருக்கு. சேலரி கேப்னு சொல்வாங்க. 2022ல அது 20.82 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. அதனால "ஷூல்ட்ஸ் எவ்வளவு நல்லவர்?"ங்கிறது பாதிக் கேள்விதான். "இவருக்குக் கொடுத்தா யாருக்குக் கொடுக்க முடியாமப் போகும்?"ங்கிறதுதான் மீதி. நம்ம வீட்டு பட்ஜெட்டும் இதே மாதிரிதானே? கார் நல்ல கார்தான். ஆனா அதை வாங்கினா பிள்ளைங்க படிப்புக்குப் போடுற எஸ்.ஐ.பி நிக்குமா நிக்காதா?

ஃப்ரான்சைஸ் டேக்: தங்கக் கூண்டு

காண்ட்ராக்ட் முடிஞ்ச வீரர் சந்தைக்குப் போகலாம். எல்லா டீமும் விலை சொல்லலாம். ஆனா டீமுக்கு ஒரு ஆயுதம் இருக்கு. வருஷத்துக்கு ஒரே ஒரு வீரர் மேல 'ஃப்ரான்சைஸ் டேக்' போடலாம். போட்டா அந்த வீரர் இன்னும் ஒரு வருஷம் அங்கயேதான். சம்பளம் அந்த பொசிஷன்ல உச்சத்துல இருக்கிறவங்க வாங்குறதை வெச்சு கணக்கு பண்ண தொகை. கையெழுத்து போட்டா முழுத் தொகையும் உறுதி.

கவ்பாய்ஸ் ஷூல்ட்ஸ் மேல அந்த டேக்கைப் போட்டாங்க. ஒரே வருஷத்துல 1.09 கோடி டாலர். நாலு வருஷமா மொத்தமா வாங்கினதைவிட ரொம்ப அதிகம்! வெளியில இருந்து பார்த்தா லாட்டரி. ஆனா அவர் அந்த ஜூன் மாசம், கட்டாயமில்லாத பயிற்சிகளுக்கு வர்றதை நிறுத்திட்டார். ஏன்?

ஏன்னா, என்.எஃப்.எல்-ல ஒரு வீரரோட உடம்புதான் அவரோட மூலதனம். ஒரு முழங்கால் போனா கதை முடியலாம். ஜார்வினுக்கு நடந்ததைப் பக்கத்துல நின்னு பார்த்தவர் அவர். ஜார்வினோட காயத்துலதான் அவரோட வாழ்க்கையே ஆரம்பிச்சது. ஒரு வருஷம் உறுதி, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லைங்கிறது அந்தத் தொழில்ல எவ்வளவு பெரிய ரிஸ்க்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?

டேக் போட்ட வீரர்கூட நீண்ட காண்ட்ராக்ட் பேசி முடிக்க அந்த வருஷம் கடைசி நாள் ஜூலை 15. அன்னிக்கு வரைக்கும் பேச்சு முடியல. தப்பு யார் பக்கம்னு நாம தீர்ப்பு சொல்ல வேண்டாம். விளைவை மட்டும் பார்ப்போம்.

ஒரே வருஷம், ஒரே டேக், மூணு பேர்

இந்தப் பதிவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். 2022ல டேக் போடப்பட்ட டைட் எண்ட்கள் மூணு பேர். மூணு பேருக்கும் ஒரே தொகை. முந்தின வருஷ கணக்கைப் பாருங்க:

- டால்டன் ஷூல்ட்ஸ், டல்லாஸ்: 78 பாஸ், 808 கெஜம், 8 டச்டவுன்
- மைக் கெசிக்கி, மயாமி: 73 பாஸ், 780 கெஜம், 2 டச்டவுன்
- டேவிட் என்ஜோகு, கிளீவ்லண்ட்: 36 பாஸ், 475 கெஜம், 4 டச்டவுன்

இந்த மூணு பேர்ல யாருக்கு நீண்ட காண்ட்ராக்ட் கிடைச்சிருக்கும்னு நினைக்கிறீங்க? ஷூல்ட்ஸ்னு சொல்லியிருப்பீங்க. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கிடைச்சது என்ஜோகுக்கு! மே மாசமே நாலு வருஷத்துக்கு 5.475 கோடி டாலர், அதுல 2.8 கோடி உறுதி. மூணு பேர்லயும் கம்மியா பாஸ் பிடிச்சவர். காரணம், கிளீவ்லண்ட் வாங்கினது போன வருஷக் கணக்கை இல்லை. நல்லா பிளாக் பண்ற, நல்ல உடல்வேகம் உள்ள, இன்னும் முழுசா பயன்படுத்தாத ஒரு வீரரோட அடுத்த நாலு வருஷத்தை. அவங்க கணிப்பு தப்பல. 2023ல அவர் 81 பாஸ், 882 கெஜம் எடுத்தார், ப்ரோ பவுலுக்கும் தேர்வானார்.

கெசிக்கி நிலைமை என்ன ஆச்சு? அதே 2022ல மயாமிக்குப் புது கோச் வந்தார். ஆட்டமுறை மாறினது. அவருக்குப் பந்து வர்றது பாதியா குறைஞ்சது. 780 கெஜம் 362 ஆச்சு. திறமை ஒரே வருஷத்துல பாதியா குறையுமா? குறையாது. மேனேஜர் மாறினார், அவ்வளவுதான். ஆனா சந்தைக்கு அந்த விளக்கம் எல்லாம் காதுல விழாது. 2023ல ஒரு வருஷ காண்ட்ராக்ட், 2024ல அதைவிட ரொம்பக் குறைஞ்ச இன்னொரு ஒரு வருஷ காண்ட்ராக்ட்னு போய், சின்சினாட்டியில நல்லா ஆடி, 2025லதான் மூணு வருஷத்துக்கு 2.55 கோடி டாலர் வாங்கினார்.

ஷூல்ட்ஸுக்கு என்ன ஆச்சு?

பயந்தது நடந்தது. 2022 செப்டம்பர்லயே முழங்கால்ல காயம். ஜார்வின் அளவுக்கு மோசம் இல்லை. ரெண்டு மேட்ச் போச்சு, சில மேட்ச் வலியோட ஆடினார். சீசன் முடிவுல 57 பாஸ், 577 கெஜம், 5 டச்டவுன். மோசம் இல்லை, ஆனா முந்தின வருஷத்தை விடக் குறைவு.

2023 ஜனவரியில பிளேஆஃப். டாம்பா பேக்கு எதிரா 7 பாஸ், 95 கெஜம், 2 டச்டவுன். "கொடுங்க" கட்சி தலைகால் புரியாம ஆடினது. அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோகிட்ட 19-12னு தோல்வி. அந்த மேட்ச்லயும் டல்லாஸோட ஒரே டச்டவுன் அவர் பிடிச்சதுதான். ஆனா கடைசி நிமிஷ முயற்சியில, ஓரக்கோட்டுப் பக்கம் பிடிச்ச ஒரு பாஸ்ல அவரோட ரெண்டாவது கால் கோட்டுக்கு உள்ளே படலை. பாஸ் செல்லாது. சீசன் முடிஞ்சது.

கவ்பாய்ஸ் உடையில அவர் ஆடின கடைசி மேட்ச் அதுதான். ரெண்டு வருஷ உழைப்பு ஒரு பக்கம், அந்த ஒரு கால் இன்னொரு பக்கம். பல ரசிகர்களுக்கு ஞாபகம் இருந்தது கால்தான். உங்க அப்ரைசலுக்கு முந்தின மாசம் நடந்த ஒரு தப்பு, பதினோரு மாச வேலையை விழுங்கின அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

ஆனா டீம் நிர்வாகம் முடிவு எடுத்தது அந்தக் காலைப் பார்த்து மட்டும் இல்லைன்னு கணக்கு சொல்லுது. ரெண்டாவது தடவை டேக் போட்டா விதிப்படி 20 சதவீதம் ஏத்திக் கொடுக்கணும், அதாவது சுமார் 1.31 கோடி டாலர். அந்த வருஷ டேக்கை அவங்க ஓட்டவீரர் டோனி பொல்லார்டுக்கு, சுமார் 1.01 கோடிக்குப் பயன்படுத்திட்டாங்க. அதுக்கு மேல, 2022 டிராஃப்ட்ல அதே நாலாவது சுற்றுல ஜேக் ஃபெர்குசன்னு ஒரு டைட் எண்ட்டை எடுத்து வெச்சிருந்தாங்க. சம்பளம் வருஷத்துக்கு சுமார் 10 லட்சம் டாலர். ஷூல்ட்ஸ் போன பிறகு 2023ல ஃபெர்குசன் பிடிச்சது 71 பாஸ், 761 கெஜம்.

அதாவது, ஷூல்ட்ஸ் ஜார்வினுக்கு என்ன பண்ணாரோ, அதையே ஃபெர்குசன் ஷூல்ட்ஸுக்குப் பண்ணார். கொஞ்சம் கசப்பா இருக்கும், ஆனா வேலைச் சந்தை இப்படித்தான் இயங்குது. பின்னாடி, 2025ல, அதே ஃபெர்குசனுக்கு டல்லாஸ் நாலு வருஷத்துக்கு சுமார் 5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. டைட் எண்ட்டுக்குக் காசு கொடுக்கவே மாட்டோம்னு அவங்க கொள்கை வெச்சிருக்கல. 2023ல கம்மி விலைக்கு மாற்று இருந்தது. 2025ல இல்லை.

2023 மார்ச்ல ஷூல்ட்ஸ் சந்தைக்கு வந்தப்ப, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் கொடுத்தது ஒரு வருஷ காண்ட்ராக்ட், அதிகபட்சம் 90 லட்சம் டாலர். வாங்கிட்டிருந்ததைவிடக் குறைவு. கெசிக்கிக்கு நியூ இங்கிலண்ட் கொடுத்ததும் அதே ஒரு வருஷம், அதே அதிகபட்ச 90 லட்சம்தான்!

ஆனா ஷூல்ட்ஸ் போன இடம் நல்ல இடம். சி.ஜே. ஸ்ட்ரவுட்னு புது குவார்ட்டர்பேக். நவம்பர்ல டாம்பாவுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 10 பாஸ், 130 கெஜம். சீசன்ல 635 கெஜம். 2024 மார்ச்ல ஹூஸ்டனே மூணு வருஷத்துக்கு 3.6 கோடி டாலர் கொடுத்தது, அதுல 2.35 கோடி உறுதி. ரெண்டு வருஷம் தள்ளி, அவர் கேட்ட நீண்ட காண்ட்ராக்ட் வேற ஊர்ல கிடைச்சது.

இப்ப கணக்கு போடலாம்

2022 முதல் 2025 வரை நாலு வருஷம். காண்ட்ராக்ட் சராசரிப்படி, அதிகபட்சமா வெச்சு ஒரு தோராயக் கணக்கு:

- என்ஜோகு: 5.47 கோடி
- ஷூல்ட்ஸ்: 1.09 + 0.90 + 1.20 + 1.20 = 4.39 கோடி
- கெசிக்கி: சுமார் 3.2 கோடி

ஷூல்ட்ஸுக்கும் என்ஜோகுக்கும் வித்தியாசம் 1.08 கோடி டாலர். கிட்டத்தட்ட ஒரு டேக் வருஷச் சம்பளம்! டேக் வருஷத்துல கிடைச்ச 'லாட்டரி' மொத்தமும் அடுத்த வருஷங்கள்ல திரும்பிப் போயிட்ட மாதிரி. ஆனா நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். என்ஜோகு காண்ட்ராக்ட் 2025 சீசனோட முடிஞ்சது. ஷூல்ட்ஸுக்கு 2024ல போட்ட காண்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷம் நீளமானது.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். 2022ல 1.09 கோடி. 2024ல வருஷத்துக்கு 1.2 கோடி. சம்பளம் ஏறிடுச்சுன்னு தோணும். ஆனா டீமோட மொத்த சம்பள வரம்பு 20.82 கோடியில இருந்து 25.54 கோடிக்கு ஏறிடுச்சு. 2022ல அவர் வாங்கினது வரம்புல 5.25 சதவீதம். 2024ல 4.7 சதவீதம். தொகை ஏறினது, பங்கு குறைஞ்சது. நம்ம ஊர்ல 5 சதவீத ஹைக் வாங்கி, 6 சதவீத விலைவாசி ஏற்றத்துல வாழுற மாதிரி.

ஒரு வருஷ பந்தயம் எப்பவும் தோக்குமா?

இல்லை. எவான் எங்ரம்னு இன்னொரு டைட் எண்ட். 2022ல ஜாக்சன்வில் டீம்ல சுமார் 90 லட்சத்துக்கு ஒரு வருஷ காண்ட்ராக்ட். 766 கெஜம் எடுத்தார். அடுத்த வருஷம் அவருக்கும் டேக் போட்டாங்க. ஆனா 2023 ஜூலையில பேசி முடிச்சு மூணு வருஷத்துக்கு 4.125 கோடி டாலர் வாங்கிட்டார். பந்தயம் ஜெயிச்சது.

ஆக, ஒரு வருஷ காண்ட்ராக்ட் கெட்டதுன்னு சொல்ல வரல. அது ஒரு பந்தயம். அதைப் பந்தயம்னு தெரிஞ்சே ஆடணும், நிரந்தர வருமானம்னு நினைச்சு ஆடக் கூடாது. அவ்வளவுதான்.

பதவிப் பேரும் பணம்தான்

ரசிகர்கள் வாதத்துல அடிக்கடி வர்ற ஒரு கேள்வி: "ரிசீவர் மாதிரியே ஆடுறவருக்கு ஏன் டைட் எண்ட் சம்பளம்?" இதை 2014ல ஒருத்தர் நடுவர் வரைக்கும் கொண்டு போனார். நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் டீம்ல ஜிம்மி கிரஹாம். டீம் அவர் மேல டைட் எண்ட் டேக் போட்டது, சுமார் 70 லட்சம் டாலர். ரிசீவர் டேக்னா சுமார் 1.23 கோடி. "நான் முந்தின சீசன்ல மூணுல ரெண்டு பங்கு நேரம் ரிசீவர் நிற்கிற இடங்கள்லதான் நின்னேன்"னு வாதாடினார். தீர்ப்பு அவருக்கு எதிரா வந்தது. அந்த இடங்கள்ல நின்னாலும் நீங்க டைட் எண்ட்தான்னு நடுவர் சொல்லிட்டார். அப்புறம் நாலு வருஷத்துக்கு 4 கோடி டாலர்னு டீம்கூட உடன்பாடு பண்ணிக்கிட்டார்.

மாறா, சான் ஃபிரான்சிஸ்கோவோட ஜார்ஜ் கிட்டிலைப் பாருங்க. 2017ல அஞ்சாவது சுற்றுல 146வது ஆளா வந்தவர். பிளாக்கிங், பிடிக்கிறது ரெண்டுலயும் உச்சம். 2018ல 1,377 கெஜம், அப்போதைக்கு டைட் எண்ட்களுக்கான சாதனை. டைட் எண்ட் சந்தை விலையை வெச்சுப் பேசவே மாட்டோம்னு அவர் தரப்பு பிடிவாதமா நின்னது. 2020ல அஞ்சு வருஷத்துக்கு 7.5 கோடி டாலர். வருஷத்துக்கு 1.5 கோடி, அந்த பொசிஷனோட விலையே மாறிப் போச்சு.

கிரஹாம் 'என் பதவிப் பேரை மாத்துங்க'ன்னு கேட்டார், கிடைக்கல. கிட்டில் 'பேர் இதுவே இருக்கட்டும், விலையை மாத்துங்க'ன்னு கேட்டார், கிடைச்சது. ஆனா அப்படிக் கேட்க, அவரை மாதிரி இன்னொருத்தர் இல்லைங்கிற நிலைமை வேணும்.

சரி, நமக்கு என்ன?

1. ஆஃபர் லெட்டர்ல பெரிய எண்ணைப் பார்க்காதீங்க, உறுதியான எண்ணைப் பாருங்க. சி.டி.சி-ல வேரியபிள் பே எவ்வளவு, ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பாங்களா, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? "அதிகபட்சம் 90 லட்சம்"ங்கிறதுல 'அதிகபட்சம்'ங்கிற வார்த்தைதான் முக்கியம்.

2. உங்களுக்கு மாற்று யாரு, அவங்க விலை என்னன்னு யோசிங்க. நம்ம திறமை மட்டும் நம்ம சம்பளத்தை முடிவு பண்றது இல்லை. பக்கத்து சீட்ல பத்துல ஒரு பங்கு சம்பளத்துக்கு ஒரு ஃபெர்குசன் இருந்தா, பேரத்துல நம்ம கை தாழ்ந்துதான் இருக்கும். அவர் தயாராகுறதுக்கு முன்னாடி நாம அடுத்த திறமைக்கு நகரணும்.

3. கணக்குல ஏறாத வேலையை நீங்களே கணக்குல ஏத்துங்க. பிளாக்கிங் பண்ணது யாருக்கும் தெரியாது. மாசம் ஒரு தடவை, நீங்க பண்ண வேலையையும் அதனால யாருக்கு என்ன பலன் கிடைச்சதுன்னும் ரெண்டு வரி எழுதி வைங்க. அப்ரைசல் அன்னிக்கு கடைசி மாசத் தப்பு மட்டும் மேசை மேல இருக்கக் கூடாது.

4. விலை நல்லா இருக்கும்போதே உறுதியைப் பேசி முடிங்க. 808 கெஜம் எடுத்த வருஷம் வேற, காயம்பட்ட வருஷம் வேற. "அடுத்த வருஷம் இன்னும் நல்லா பண்ணிட்டுக் கேட்கலாம்"னு தள்ளிப்போடும்போது, மேனேஜர் மாறலாம், புராஜெக்ட் மூடலாம். கெசிக்கியை நினைச்சுக்கோங்க.

5. ஹைக்கை ரூபாயில பார்க்காதீங்க. விலைவாசியோட ஒப்பிட்டு, உங்க துறையில மத்தவங்க வாங்குறதோட ஒப்பிட்டுப் பாருங்க.

6. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்: ஒரு வருஷ வருமானத்தை வெச்சு இருபது வருஷக் கடன் வாங்காதீங்க. ஆன்சைட் வாய்ப்பு, பெரிய போனஸ், காண்ட்ராக்ட் ரோல்ல கிடைக்கிற கூடுதல் சம்பளம், இதெல்லாம் உங்க டேக் வருஷம். அந்தச் சம்பளத்துக்கு ஏத்த மாதிரி வீட்டுக் கடன் இ.எம்.ஐ-யை நிர்ணயிச்சா, அடுத்த வருஷம் சம்பளம் குறையும்போது இ.எம்.ஐ குறையாது. பழைய சம்பளத்துல வாழுங்க. கூடுதலா வர்றதுல முதல்ல ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, அப்புறம் கம்பெனி கொடுக்கிறதை நம்பாம உங்க பேர்ல தனியா ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ், அதுக்கப்புறம் முதலீடு. கம்பெனி உங்களுக்கு நாலு வருஷ உறுதி கொடுக்கலைன்னா, அதுல ஒரு பகுதியை நீங்களே உங்களுக்குக் கட்டிக்கலாம். அதுக்குப் பேருதான் அவசர நிதி.

கடைசியா: யார் சொன்னது சரி?

"கொடுங்க" கட்சியும் சரி, "வேண்டாம்" கட்சியும் சரி. ஷூல்ட்ஸ் நல்ல வீரர்ங்கிறது ஹூஸ்டன்ல நிரூபணம் ஆச்சு. அவர் இல்லாமலும் டல்லாஸால சமாளிக்க முடியும்ங்கிறதும் நிரூபணம் ஆச்சு. ஒருத்தரோட மதிப்பு வேற, ஒரு குறிப்பிட்ட இடத்துல, ஒரு குறிப்பிட்ட வருஷத்துல அவருக்குக் கிடைக்கிற விலை வேற. விலை குறைஞ்சா மதிப்பு குறைஞ்சதுன்னு மனசு உடைஞ்சு போக வேண்டாம். 90 லட்சத்துக்கு இறங்கிப் போய், அமைதியா ஆடி, 3.6 கோடியோட எழுந்தவர் ஷூல்ட்ஸ். ஆனா மதிப்பு இருக்குங்கிற நம்பிக்கையில விலையைப் பேசாமலும் இருந்துடாதீங்க.

நீங்க ஷூல்ட்ஸ் இடத்துல இருந்தா, கொஞ்சம் குறைஞ்ச தொகைக்கு நாலு வருஷம் கையெழுத்து போட்டிருப்பீங்களா, இல்ல ஒரு வருஷம் ஆடிப் பார்த்திருப்பீங்களா? ஏன்னு காரணத்தோட கமெண்ட்ல சொல்லுங்க. ஆஃபர் லெட்டர்ல எந்த வரியை எப்படிப் படிக்கணும்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம். பதிவு பிடிச்சிருந்தா, இப்ப வேலை மாறலாமான்னு யோசிச்சிட்டிருக்கிற உங்க நண்பர் ஒருத்தருக்கு அனுப்புங்க.

இந்தப் பதிவு பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டும். கடன், காப்பீடு, முதலீடு முடிவுகளை உங்க சூழ்நிலையைப் பார்த்து, தகுதியான ஆலோசகர்கிட்ட பேசி எடுங்க.